வாயிலில் நிற்பவர் யார்?

தமக்கென ஒரு வீடு இல்லாது, கையில் பொருளும் இல்லாது, முன்பின் அறியாதவர் தரும் உணவையும் இடத்தையும் மட்டுமே நம்பி நாடு முழுதும் நடந்து செல்லும் ஒருவர், நம் வாயிலில் வந்து நிற்கிறார் எனக் கொள்வோம். அவரை நாம் எவ்வாறு ஏற்பது? இவ்வினாவைக் கேட்டவுடன், "வந்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்தது" என்று நம்மில் பெரும்பாலோர் விடை கூறுவோம். வந்தவர் முனிவர் என்றால் குடும்பம் முழுவதும் வாயிலுக்கு விரையும். வேறொருவர் என்றால் கதவின் தாழ்ப்பாள் சரியாக உள்ளதா எனப் பார்க்கப்படும். வீடின்மை, நடை, பிறரைச் சார்ந்து வாழ்தல் ஆகிய மூன்றும் இருவர்க்கும் பொதுவாக இருந்தும், ஒருவரை வணங்குகிறோம், மற்றவரை விலக்குகிறோம். இவ்வேற்றுமைக்கு நம் அறநூல்களின் ஆதரவு உண்டா? உண்டெனில் அது எதுவரை செல்லும்? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமைதி யாத்திரிகை

முதலில் நம் மரபுக்கு வெளியே வாழ்ந்த ஒருவரை நோக்குவோம். அமெரிக்க நாட்டின் நியூ ஜெர்சி மாநிலத்தில், 1908-ஆம் ஆண்டு, ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர் மில்ட்ரெட் நார்மன் என்னும் பெண்மணி. தேவைக்கு மேல் தாம் வைத்திருப்பதும், தேவைக்கும் குறைவாகப் பலர் வைத்திருப்பதும் இளமையிலேயே அவர் உள்ளத்தை உறுத்தின. ஏறத்தாழ 15 ஆண்டுகள் தம் தேவைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துத் தம்மைப் பழக்கிக்கொண்டார். புலால் உணவை விட்டார். 1952-ஆம் ஆண்டில், அப்பலாச்சியன் மலைத்தொடர் நெடுகச் செல்லும் 2,000 மைலுக்கும் மேற்பட்ட நடைபாதை முழுவதையும் ஒரே பருவத்தில் நடந்து முடித்தார். அதனைச் செய்த முதல் பெண்மணி அவரே.

1953 ஜனவரி முதல் நாள், கலிபோர்னியா மாநிலத்துப் பாசடீனா நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் புத்தாண்டு மலர் ஊர்வலத்தின்போது அவர் தம் பெரும்பயணத்தைத் தொடங்கினார். அப்பொழுது அவருக்கு வயது 44. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. அயலாரை மட்டுமன்றி அண்டை வீட்டாரையும் ஐயுற்று நோக்கும் மனநிலை அந்நாட்டில் பரவியிருந்த காலம் அது. அவர் தம் பழைய பெயரை விட்டு, 'பீஸ் பில்கிரிம்', அதாவது 'அமைதி யாத்திரிகை' என்னும் பெயரை நீலநிற மேலாடையின் மார்பில் எழுதி அணிந்துகொண்டார். அவருடைய உடைமைகள் அனைத்தும் அம்மேலாடையின் பைகளுக்குள் அடங்கின. ஒரு சீப்பு, மடக்கி வைக்கும் பல்துலக்கி, ஒரு பேனா, சில துண்டறிக்கைகள், விடை எழுத வேண்டிய கடிதங்கள் என்பவையே அவை. பணம் வைத்துக்கொள்வதில்லை. எவரேனும் தாமாக இடமளித்தாலன்றி ஒரு வீட்டில் தங்குவதில்லை. தாமாக உணவளித்தாலன்றி உண்பதில்லை. எவரிடமும் எதனையும் கேட்பதில்லை என்பது அவர் பூண்ட விரதம்.

இடம் கிடைக்காத இரவுகளில் சாலையோரத்திலும் பேருந்து நிலையங்களிலும் உறங்கினார். உணவு கிடைக்காத வேளைகளில் பட்டினியுடன் நடந்தார். 1964-ஆம் ஆண்டில் 25,000 மைல், அதாவது ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் நிறைவுற்றதும் தூரத்தை எண்ணுவதை நிறுத்திவிட்டார், நடப்பதை நிறுத்தவில்லை. ஏழாம் முறையாக நாட்டைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தபோது, 1981 ஜூலை 7 அன்று, சொற்பொழிவு ஒன்றிற்காகக் காரில் அழைத்துச் செல்லப்படுகையில், இந்தியானா மாநிலத்தில் நேர்ந்த விபத்தில் உயிர் நீத்தார். 28 ஆண்டுகளுக்கு மேல், முன்பின் அறியாதவர்களே அவருக்குச் சுற்றமாக விளங்கினர்.

நம் மரபில் இந்நடை

இவ்வரலாற்றைப் படிக்கும் பிறர் பெரிதும் வியப்பர். நம் குடும்பங்களில் பிறந்தவர்க்கு அவ்வளவு வியப்பு எழாது. பீலியும் கமண்டலமும் அன்றி வேறொன்றும் இல்லாது, மழைக்காலத்து நான்கு மாதங்கள் நீங்கலாக ஓரிடத்தில் நிலைத்துத் தங்காது, நாள்தோறும் ஒரே வேளை நின்றபடி கைகளில் ஏற்று உண்ணும் முனிவர்களின் விஹாரத்தை நாம் சிறுவயது முதல் அறிவோம். அம்முனிவர்கள் வாய்திறந்து கேட்பதில்லை, சாடையாகவும் குறிப்பதில்லை. தமக்கெனத் தனியே சமைத்த உணவை ஏற்பதில்லை. புறத்தவம் ஆறனுள் ஒன்றாகிய விருத்தி பரிசங்கியானம் என்பதன்படி, இன்னது கண்டால் ஏற்பேன், இல்லையேல் திரும்பிவிடுவேன் என்று மனத்துள் உறுதி பூண்டு புறப்படுவர். அது என்னவென்று எவருக்கும் சொல்வதில்லை. அமையாவிடில், தாழ்ந்த குரலில் ஒரு சொல்லும் இன்றித் திரும்பிச் செல்வர்.

இந்நடையின் தொடக்கமே ஒரு பெரும் பட்டினியில்தான் அமைந்தது என்பதை நாம் நினைவுகூர வேண்டும். ஆதிபகவன் துறவு பூண்டு ஆறு திங்கள் உண்ணா நோன்பிருந்து, பின்னர் ஆகாரத்திற்காக ஊர்களுக்குள் எழுந்தருளினார். மக்கள் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். தம் பழைய மன்னன் வந்தான் எனக் களிப்புற்று, மணிகளையும் பட்டாடைகளையும் யானைகளையும் கன்னியரையும் கொண்டுவந்து முன் நிறுத்தினர். நிற்பவருக்கு வேண்டியது ஒருபிடி தூய உணவு என்பது எவருக்கும் தோன்றவில்லை. பகவன் எதுவும் உரையாது நடந்தார். ஓராண்டு கடந்த பின்னர், அஸ்தினாபுரத்தில் சிரேயாம்சன் தன் முற்பிறவி நினைவால் முறை அறிந்து கருப்பஞ்சாறு அளித்தான். அந்நாளையே நாம் அட்சய திருதியை எனப் போற்றுகிறோம். கொடுக்க மனம் இருந்தும், எதிரே நிற்பவரின் தேவையைக் காணும் கண் இல்லையெனில், பொருட்குவியலும் பயன்படாது என்பதே இவ்வரலாற்றில் நான் கற்கும் பாடம்.

உழையாது உண்ணலாமா?

இங்கு ஒரு வினா எழும். பிறர் உழைப்பில் வாழாதே என்றுதான் 30 ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் குழந்தைகளுக்குக் கற்பித்தேன். அவ்வாறிருக்க, பிறர் அடுப்பை நம்பி நடப்பது எங்ஙனம் அறமாகும்?

இவ்வினாவிற்கு நம் ஆசாரிய பெருமக்கள் உவமைகளால் விடை தந்துள்ளனர். முனிவர் உணவேற்கும் முறை, புல் இடுபவரின் அழகையோ அணியையோ நோக்காது புல்லை மட்டும் மேயும் பசுவைப் போன்றது. மலருக்கு ஊறு செய்யாது தேனை எடுக்கும் வண்டைப் போன்றது. வண்டி ஓடுவதற்கு வேண்டிய அளவே அச்சுக்கு எண்ணெய் இடுவதைப் போன்றது. பற்றிய தீயை எந்த நீர் கிடைத்தாலும் அவிப்பதைப் போன்றது. குழியை எந்த மண் கொண்டேனும் நிரப்புவதைப் போன்றது. இவ்வைந்தும் ஒருங்கே உணர்த்துவது அளவை. சுவை நோக்காமை, கொடுப்பவரை வருத்தாமை, உடல் ஓடுவதற்கு வேண்டியதற்கு மேல் கொள்ளாமை ஆகியவை அமைந்த இடத்தில் ஏற்பது இழிவாகாது.

அமைதி யாத்திரிகையிடமும் இவ்வெல்லைகளைக் காண்கிறோம். கேளாமை, சேர்த்து வையாமை, வெறுங்கையுடன் செல்ல அணியமாயிருத்தல் ஆகிய மூன்றும் அவரைக் காத்தன. மூன்றாவதே முதன்மையானது. கொடுக்காவிட்டால் சினம் கொள்பவர் கேட்காது நின்றாலும், அவர் நிற்பது ஒரு கட்டாயமே. கொடாதவரையும் வாழ்த்திச் செல்லும் ஆற்றல் உடையவரே பிறரைச் சார்ந்து வாழும் நோன்பினைத் தாமாகத் தேர்ந்துகொள்ளத் தகுதியுடையவர்.

மற்றொரு பயனும் உண்டு. இராஜஸ்தானத்தில் 1936-ஆம் ஆண்டு பிறந்து, ஒன்பது வயதில் சுவேதாம்பர தேராபந்த் மரபில் துறவு பூண்டு, 18-ஆம் வயதில் அதிலிருந்து வெளியேறி, வினோபா பாவேயின் இயக்கத்தில் சேர்ந்தவர் சதீஷ் குமார். அவரும் அவருடைய நண்பர் இ. பி. மேனனும் 1962-ஆம் ஆண்டு, அணுகுண்டுகளைக் கைவிட வேண்டும் என வலியுறுத்தி, டெல்லியிலிருந்து மாஸ்கோ, பாரிஸ், இலண்டன், வாஷிங்டன் ஆகிய தலைநகரங்களை நோக்கிப் புறப்பட்டனர். கடல் குறுக்கிட்ட இடங்கள் நீங்கலாக நடந்தே செல்வது அவர்கள் திட்டம். கையில் பணம் கொண்டு செல்லாதீர்கள் என்பது வினோபா அவர்களுக்குக் கூறிய அறிவுரை. பணம் உள்ளவன் உணவு விடுதியில் உண்டு, தங்கும் விடுதியில் உறங்கி, எவரையும் அறியாமலே ஒரு நாட்டைக் கடந்துவிடுவான். பணம் இல்லாதவன் மனிதரைத் தேடிச் சென்றே ஆகவேண்டும் என்பது அதன் கருத்து. பாகிஸ்தான் எல்லையில், வழியில் என்ன நேருமோ என அஞ்சிய அன்பர் ஒருவர் உணவுப் பொட்டலங்களை நீட்டியபோது, இருவரும் அவற்றைப் பெறாமலே எல்லையைக் கடந்தனர். உணவைச் சுமந்து செல்வது அந்நாட்டு மக்களிடம் ஐயத்தைச் சுமந்து செல்வதாகும் என அவர்கள் எண்ணினர். அப்பால் இருந்தவர்கள் அவர்களைப் பசியுடன் விடவில்லை.

ஆகவே, தாமாக வீட்டைத் துறந்து நடப்பவர் உலகுக்கு ஒன்றும் தராது பெற்றுக்கொள்பவர் அல்லர். பூட்டிய கதவுகளைத் திறக்கச் செய்வதே அவர் தரும் கொடை.

தாமாகத் துறவாதவர்

இதுவரை கூறியவை நம்மில் எவருக்கும் உடன்பாடாகவே இருக்கும். கடினமான பகுதி இனித்தான் உள்ளது.

அமைதி யாத்திரிகையைக் காவலர் நாடோடிக் குற்றத்தின்பேரில் பிடித்து வைத்ததும் உண்டு. கையில் பணமின்றி, தங்குமிடமின்றித் திரிவதே குற்றம் என்று கூறும் சட்டங்கள் அப்பொழுது அமெரிக்க நகரங்களில் இருந்தன. அவர் யார் என அறிந்தபின் விடுவித்தனர். ஆனால் அதே சாலையில், அதே வெறுங்கையுடன், மார்பில் எந்தப் பெயரும் எழுதாமல் நடந்த ஏழைகள் எத்தனை பேர்! அவர்களுக்காகப் பரிந்து பேச எவரும் இல்லை. 1972-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஜாக்சன்வில் நகரின் அத்தகைய சட்டத்தைச் செல்லாதென அறிவித்தது. ஆயினும் 2024 ஜூன் மாதத்தில், கிராண்ட்ஸ் பாஸ் என்னும் நகரைப் பற்றிய வழக்கில், வீடற்றோர் பொது இடத்தில் உறங்குவதற்குத் தண்டனை விதிக்க நகரங்களுக்கு உரிமை உண்டு என அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஜனவரியில் ஓர் இரவில் எடுத்த அரசுக் கணக்கின்படி அந்நாட்டில் வீடற்றிருந்தோர் 7,71,480 பேர். செல்வம் மிக்க நாட்டின் நிலை இது.

நம் நாட்டை நோக்கினால், 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடற்றோர் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர் எனக் காட்டியது. பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கும் சட்டங்கள் நம்மிடமும் உண்டு. நம் மாநிலச் சட்டம் 1945-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. டெல்லியில் நடைமுறையில் இருந்த அத்தகைய சட்டத்தின் முதன்மைப் பிரிவுகளை 2018-ஆம் ஆண்டில் டெல்லி உயர் நீதிமன்றம் நீக்கியது. 2020 மார்ச் மாத இறுதியில் கொரோனா நோயின் பொருட்டு நாடு முழுதும் அடைக்கப்பட்டபோது, நகரங்களில் வேலையும் வாடகை வீடும் இழந்த தொழிலாளர்கள், குழந்தைகளைத் தோளில் சுமந்து நூற்றுக்கணக்கான மைல்கள் நடந்ததை நாம் அனைவரும் கண்டோம். நடந்து சென்றோரும் உட்பட, சொந்த மாநிலம் திரும்பியோர் ஒரு கோடிக்கு மேல் என அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அவர்கள் எந்த விரதமும் பூண்டவர்கள் அல்லர். அவர்களைச் சாலைக்குத் தள்ளியது பசி. வழியில் இருந்த அறியாதவர்கள் தந்த சோறும் நீருமே அவர்களில் பலரை ஊர் சேர்த்தன. சில இடங்களில் நோய்க்கு அஞ்சி ஊர் எல்லையே அடைக்கப்பட்டதும் உண்டு.

இங்கு நாம் நம்மை ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். வறியவர் ஒருவர் வாயிலுக்கு வந்தால் நாம் கூறும் குறைகள் யாவை? "வாய்விட்டுக் கேட்கிறான், ஒருமுறை கொடுத்தால் மறுநாளும் வருகிறான், கொடுத்தது போதாதென்கிறான், கொடாவிட்டால் முணுமுணுக்கிறான், தூய்மையாக இல்லை." இக்குறைகளைக் கூர்ந்து நோக்குங்கள். கேளாமை, சேர்த்து வையாமை, அளவறிந்து ஏற்றல், கொடாவிடினும் மனம் திரியாமை என்பவை துறவியின் இலக்கணங்கள். பல ஆண்டுகள் தம்மைப் பழக்கிக்கொண்ட பின்னரே அமைதி யாத்திரிகைக்கு அவை கைவந்தன. முனிவர்களுக்கு அவை வாழ்நாள் தவம். அத்தவத்தை ஒரு நாளும் மேற்கொள்ளாத, பசியால் சாலைக்குத் தள்ளப்பட்ட ஒருவரிடம் நாம் அவற்றை எதிர்பார்க்கிறோம். அவரிடம் அவை இல்லாமையைக் காரணம் காட்டிக் கதவை அடைக்கிறோம். இது அளவுகோல் மாறிய தீர்ப்பு அன்றோ?

தாமாகத் துறந்தவரிடம் அடக்கத்தை எதிர்பார்க்கலாம். அது அவர் ஏற்ற நெறி. துறவாது இழந்தவரிடம் எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அவருடைய பசியே போதிய சான்று.

அறநூல்கள் கூறுவது

ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜினசேனாசாரியார் தம் ஆதிபுராணத்தில் கொடையை நான்காக வகுத்தார். துன்புறும் உயிர்களுக்கு இரக்கத்தால் அளிப்பது தயாதத்தி. முனிவர் முதலிய தக்கோர்க்குப் பக்தியால் அளிப்பது பாத்திரதத்தி. ஒத்த அறத்தார்க்கு ஒப்புரவால் அளிப்பது சமதத்தி. தன் வழித்தோன்றலிடம் இல்லறப் பொறுப்பை ஒப்படைப்பது அன்வயதத்தி. தகுதியை ஆராய வேண்டும் என்பதும், உத்தமம், மத்திமம், சகன்னியம் எனத் தரம் பிரிப்பதும் பாத்திரதத்திக்கு உரியவை. தயாதத்திக்கு அத்தகைய ஆராய்ச்சி கூறப்படவில்லை. துன்பம் கண்ட இடத்தில் அது பிறக்கிறது. ஒன்றிற்குரிய அளவுகோலை மற்றொன்றிற்குப் பயன்படுத்துவதால்தான் முன்னர்க் கூறிய குழப்பம் நேர்கிறது.

இவ்விரு கொடைகளும் ஒரே அடுப்பிலிருந்து எழுவதைச் சிலப்பதிகாரம் அழகுறக் காட்டுகிறது. புகாரை விட்டு இரவோடிரவாகப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் வீடற்ற வழிநடையினரே. வழியில் அவர்கள் அறியாத இருவரிடமிருந்து பெற்றது இழிசொல். அறியாத கவுந்தியடிகளிடமிருந்து பெற்றது தாயன்பு. மதுரையின் புறஞ்சேரியில் ஆயர் குலத்து மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கையில், கவுந்தியடிகள் அடைக்கலத்தின் மேன்மையை விளக்க ஒரு பழங்கதையைக் கூறுகிறார்.

சாயலன் என்னும் வணிகனின் மனைவி முனிவர் ஒருவருக்கு ஆகாரம் அளிக்கிறாள். அவ்வேளையில் ஒரு குரங்கு அஞ்சியபடியே உள்ளே வந்து, முனிவரை வணங்கி, எஞ்சிய சோற்றையும் நீரையும் பசியாற உண்கிறது. முனிவர் அதனை விரட்டச் சொல்லவில்லை. இதனை உன் மக்களைப் போலக் காப்பாயாக என அவ்விற்கிழத்திக்குப் பணிக்கிறார். அவளும் அவ்வாறே காத்து, அது இறந்தபின்னும் அதன் நற்கதிக்கெனத் தானத்தில் ஒரு பகுதியை ஒதுக்கினாள். அவ்வுயிர் மறுபிறவியில் மனிதனாகி, அறம் பல செய்து, பின்னர்த் தேவனாயிற்று. பழம் பிறப்பின் அடையாளமாக அத்தேவனின் ஒரு கை மட்டும் குரங்கின் சிறு கையாகவே இருந்தது.

ஒரே வீடு, ஒரே வேளை, ஒரே சமையல். முனிவருக்குப் பக்தியால் கொடுத்தாள். குரங்கிற்கு இரக்கத்தால் கொடுத்தாள். அழைப்பின்றி வந்த அந்த விலங்கின் தகுதியை எவரும் வினவவில்லை. இரண்டாவது கொடையைச் செய்யப் பணித்தவர் முதல் கொடையை ஏற்ற முனிவரே என்பதை நாம் மறத்தல் ஆகாது. முனிவருக்கு நவபுண்ணிய முறைப்படி ஆகாரம் அளித்துவிட்டு, அன்றே வாயிலில் நிற்கும் எளியவரை விரட்டும் வீட்டில், அம்முனிவரின் சொல் நுழையவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அச்சம் பற்றி

"நீங்கள் கூறுவது சரி, ஆனால் காலம் கெட்டுக் கிடக்கிறதே" என்று சகோதரிகள் கூறுவர். அச்சத்தை நான் எள்ளி நகையாடேன். தனியே வாழும் முதியவர்களும் குழந்தைகளுடன் இருக்கும் தாய்மாரும் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. ஆனால் அச்சம் இருபக்கமும் உண்டு என்பதை எண்ணிப் பாருங்கள். வாயிலில் நிற்பவரும் நம்மைக் கண்டு அஞ்சியே நிற்கிறார்.

அமைதி யாத்திரிகை, தம் பயணத்தின் தொடக்கக் காலத்தில், பாலைநிலச் சாலையில் குளிர்மிகுந்த ஒரு நள்ளிரவில், அறியாத ஒரு மனிதனின் காரில் ஒதுங்க நேர்ந்ததைப் பின்னாளில் கூறியுள்ளார். அவர் சிறிதும் ஐயமின்றிச் சுருண்டு படுத்து உறங்கிவிட்டார். தீய எண்ணத்துடனேயே அழைத்ததாகவும், அவருடைய நம்பிக்கையைக் கண்டபின் தொடவும் மனம் வரவில்லை என்றும் அம்மனிதன் பின்னர் ஒப்புக்கொண்டானாம். இதனை நம் பெண்கள் பின்பற்ற வேண்டும் என நான் கூறமாட்டேன். அது அவருடைய தவத்தின் வலிமை. நம்பிக்கைக்கு மனிதரை மாற்றும் ஆற்றல் உண்டு என்பதற்கு மட்டுமே இதனைக் கூறினேன்.

நம்பப்படுவது எத்தகையது என்பதை நானும் ஒருமுறை அறிந்தேன். ஆசிரியப் பயிற்சி முடித்து முதற்பணியில் சேர்ந்திருந்த 1971-ஆம் ஆண்டின் கார்த்திகை மாதத்தில், பள்ளியிலிருந்து ஊர் திரும்பும் வழியில் ஏரி உடைந்து சாலை அறுபட்டது. பேருந்து நின்ற இடத்தில் ஒரு சிற்றூர். நனைந்து நின்ற என்னை, "மழையில நிக்காதேம்மா, உள்ளே வா" என்று ஒரு மூதாட்டி அழைத்துச் சென்றார். கூரை வீடு, ஒரே அறை. இரவில் உண்பதில்லை என்று நான் தயங்கித் தயங்கிக் கூறியதும், ஏன் என்று அவர் கேட்கவில்லை. வெளியே சென்று வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் பொழுது இருக்கு, அதுக்குள்ள கஞ்சி வெச்சிடறேன்" என்றார். ஈரவிறகை ஊதி ஊதி அவர் கண்கள் சிவந்தன. குடிநீரை வடிகட்டிப் பருகும் வழக்கத்தைக் கண்டதும், துவைத்து வைத்திருந்த ஒரு துணியை மடித்து எடுத்துக் கொடுத்தார். நான் உண்டு முடித்துக் கை கழுவிய பின்னரே, எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என விசாரித்தார். மறுநாள் நான் நீட்டிய பணத்தை அவர் தொடவில்லை. அவர் எக்குலத்தவர் என்பதை நான் இன்றுவரை அறியேன். சமணம் என்னும் சொல்லையே அவர் கேட்டிருக்கமாட்டார். ஆயினும் என் விரதத்தை அன்று காத்தவர் அவரே.

அம்மூதாட்டி கடைப்பிடித்த வரிசையை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். முதலில் உணவு, அதன் பின்னரே வினா. நம் பெரியோர் வீட்டின் முன்புறம் திண்ணை கட்டியதும் இதே வரிசையைக் கருதித்தான். திண்ணை வீட்டிற்கு வெளியே உள்ளது. எனினும் வீட்டைச் சேர்ந்தது. வழிப்போக்கர் எவரையும் கேளாது அமரலாம்; வீட்டாரும் உள்தாழ்ப்பாளுடன் அச்சமின்றி உறங்கலாம். எச்சரிக்கையும் இரக்கமும் ஒரே மேடையில் அமைந்த கட்டடக்கலை அது. இன்று பல வீடுகளில் திண்ணையைச் சுற்றிக் கம்பிக் கதவு வந்துவிட்டது. நகரத்து அடுக்ககங்களில் திண்ணையே இல்லை.

நாம் செய்யக்கூடியவை

அறியாதவரை வீட்டினுள் தங்கவைக்க இயலாதவர்கள் பலர். அது குற்றமன்று. ஆனால் இயலாததைச் சொல்லி இயன்றதையும் விடுவது முறையன்று. வாயிலில் ஒரு பானை வடிகட்டிய நீரும் ஒரு குவளையும் வைக்க அச்சம் தடையாகாது. சமைக்கும்போதே ஒருவருக்குரிய பங்கை எடுத்து வைப்பது நம் பாட்டிமார் வழக்கம். அதனை மீண்டும் தொடங்கலாம். ஒவ்வொரு ஜினாலயத்தைச் சார்ந்தும் வழிநடையினர் ஓரிரவு தங்குவதற்கு ஓர் அறையும் ஒரு பாயும் ஒதுக்க இயலுமா என ஊர்ப் பெரியோர் கூடிப் பேசலாம். ஒரு குடும்பம் தனித்து அஞ்சும் செயலை ஒரு சமூகம் கூடி அஞ்சாது செய்யலாம். நோயுற்று வருபவருக்கு மருந்தும், ஊர் செல்ல வேண்டியவருக்குப் பயணச்சீட்டும், வெருண்டு நிற்பவருக்கு ஓர் இன்சொல்லும் அளிப்பதும் ஔடததானம், அபயதானம் ஆகியவற்றின் கூறுகளே.

கொடுக்கும்போது குழந்தைகளை அருகில் நிறுத்துங்கள். அவர்கள் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். முனிவர் வரும் நாளில் பெரியவர்கள் காட்டும் பணிவைக் குழந்தைகள் பார்க்கிறார்கள். பெயரற்ற ஒருவர் வரும் நாளில் நம் முகம் எவ்வாறு மாறுகிறது என்பதையும் பார்க்கிறார்கள். எதனை நாம் கற்பிக்கவில்லை என எண்ணுகிறோமோ, அதனையே அவர்கள் விரைவில் கற்கிறார்கள் என்பது என் ஆசிரியப் பணியில் நான் கண்ட உண்மை.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இனி விடை கூறலாம். வாயிலில் நிற்பவர் யார் என ஆராய்வதற்கு அறநூல்கள் இடம் தருகின்றன. வந்தவர் முனிவராயின் முறையறிந்து எதிர்கொண்டு வணங்கி அளிக்க வேண்டும். அதற்கு அந்த அறிவு தேவை. ஆனால் பசித்தவரின் பசியை ஆற்றுவதற்கு முன் நிபந்தனையாக அவ்வினாவை வைக்க எந்நூலும் இடம் தரவில்லை. சிரேயாம்சனுக்கு முற்பிறவி நினைவு வந்து உதவியது. நமக்கு அத்தகைய நினைவு வரப்போவதில்லை. எதிரே நிற்பவரின் வாடிய முகம் மட்டுமே நமக்குக் கிடைக்கும் அறிவிப்பு. அதனைப் படிக்கத் தெரிந்தால் போதும். ஊரும் பெயரும் அவர் உண்டபின் கேட்டுக்கொள்ளலாம்.

அறம் வளர்க!